கோக்தாஸின் இடது தண்டவாளம்

அல்மாட்டி
பிப்ரவரி 11

முகித்,

உன் வழக்கில் அரசுத் தரப்பு நிபுணர் அறிக்கை தாக்கலாகிவிட்டது. நேற்று மாலை வழக்கறிஞர் மக்பால் ஃபோனில் சொன்னார். இன்று காலை நகல் என் மேஜைக்கு வந்தது. முடிவு கடைசிப் பக்கத்தில் மூன்று வரி. அப்படியே எழுதுகிறேன்: "கோக்தாஸ் நிலையத்துக்கு மேற்கே, வலது தண்டவாளத்தில் நவம்பரில் பற்றவைக்கப்பட்ட மூட்டு விதிப்படி மூடி ஆறவைக்கப்படவில்லை. அதனால் தண்டவாளத்தின் அடிப்பாதத்தின் ஓரத்தில் உருக்கு இறுகி நொறுங்கும் தன்மை அடைந்தது. ஜனவரி விபத்துக்குக் காரணம் இதுவே."

'இதுவே' என்ற சொல்லை மக்பால் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார். இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். குழுத் தலைவன் என்று கையெழுத்துப் போட்டவன் நீ. ஏழு ஆண்டு வரை கேட்பார்கள் என்கிறார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மறுகணக்குப் போட மக்பால் எழுத்தில் கேட்டிருக்கிறார். நான் உன் அக்கா என்பதால் என் கையெழுத்து செல்லாது. எங்கள் தலைவர் கெர்க் போடுவார். அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீ என்னைக் கேட்கக்கூடாது: "கணக்கை நீ போடு, கையெழுத்து என்னுது. ஆனா என்ன வருதோ அதான் அறிக்கை. பிடிக்கலைன்னா திருப்பி வாங்கிக்கிற கடை இல்ல இது, ரைகான்." சரி என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் செய்யப்போவது இதுதான். அந்த மூட்டைக் கணினிக்குள் மறுபடி வார்ப்போம். தண்டவாளத்தைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் சூடு பக்கத்துக் கட்டத்துக்கும் வெளிக்காற்றுக்கும் எப்படிப் போகிறது என்று நொடிக்கு நொடி நடத்திப் பார்ப்போம். எந்த இடம் எவ்வளவு வேகமாக ஆறியதோ அதைப் பொறுத்து அங்கே உருக்கு எவ்வளவு இறுகியது, உள்ளே எவ்வளவு விசை தங்கிப்போனது என்று தெரியும். அதை உடைந்த துண்டில் அளந்த கடினத்தோடு ஒப்பிடுவோம். பொருந்தினால் அன்றைக்கு நடந்தது அதுதான்.

எனக்கு வேண்டியது: எதை எதால் மூடினீர்கள், எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. உன் கடிதத்தை அங்கே ஒருவர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்.

ஜானில் நன்றாக இருக்கிறாள். தன் புருஷன் சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னாள்.

ரைகான்


கரகண்டா, விசாரணைச் சிறை
பிப்ரவரி 19

அக்கா,

உன் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வந்தது. ஒட்டினவருக்கு என் வணக்கம். பசை கொஞ்சம் கூடுதல்.

சாப்பிடுகிறேன் என்று ஜானிலிடம் சொல். இங்கே கஞ்சியில் ஸ்பூனை நட்டால் நிற்கும். சிமென்ட் வேலைக்கு அனுப்பலாம்.

கேட்டதற்கு வருகிறேன். அக்டோபர் கடைசியில் சோதனை வண்டி வந்து பழைய மூட்டில் விரிசல் என்றது. வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க நவம்பரில் ஒரு மதியம் ஜன்னல் கொடுத்தார்கள். நாங்கள் ஜன்னல் என்பது ரயில்களை நிறுத்தி வழியை எங்கள் கையில் விடும் நேரம். இரண்டு முனைகளையும் சிவக்கக் காய்ச்சினோம், அச்சைக் கட்டினோம், மூசைக் கிண்ணத்தில் வார்ப்புப் பொடியைப் பற்றவைத்து, உருகியதை வார்த்தோம். அச்சை உடைத்து, மேலே பிதுங்கியதைச் சீவினோம். உடனே மூடினோம். காற்று வடக்கிலிருந்து, பக்கவாட்டில். இடையனின் தொப்பியைப் பிடுங்கும் காற்று.

அலுவலகம் தரவேண்டிய மூடுபெட்டி பிய்ந்து இரண்டு குளிர்காலம் ஆயிற்று. கேட்டுக் கேட்டு எனக்குத்தான் வாய் வலித்தது. அதனால் ஒரு கல்நார்த் தகடு, அதன்மேல் குழுவில் கூட வேலை செய்யும் மாமனார் ஓசெகேயின் கம்பளி, நான்காக மடித்து. பழைய ஆட்டுரோமக் கம்பளி, விரல் தடிமன். கூடாரத்துக்குப் போட்டால் நாற்பது டிகிரிக் குளிரையே நிறுத்தும். கை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் எடுத்தோம். எழுதிக்கொள்: எடுக்கவில்லை, அதுவரை எடுக்கவில்லை.

இப்போது அரசு நிபுணர் எழுதாததைச் சொல்கிறேன். அந்தத் தண்டவாளத்தைப் போன ஜூலையில் போட்டார்கள். சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும், அது உனக்கே தெரியும். அடிக்கட்டையோடு கிளிப் போட்டுப் பூட்டும்போது அது எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதுதான் அதற்கு நிம்மதியான சூடு. அதற்குக் கீழே போகப் போக இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே கிடக்கும். முப்பது டிகிரிக்குப் பக்கத்தில் பூட்டு என்கிறது விதி. அன்றைக்கு உச்சி வெயில். கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். நான் பகுதித் தலைவரிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சாயங்காலம் விருந்தாளிங்க வர்றாங்க, ரிப்பன் வெட்டணும். குளிர்ற வரைக்கும் தண்டவாளத்துக்கு விசிறிட்டு உக்காரச் சொல்றியா?" பதிவில் முப்பத்திரண்டு என்று எழுதினார்.

நவம்பரில் பழைய மூட்டை வெட்டியபோது முனைகள் படீரென்று விலகின. அவ்வளவு விலகக்கூடாது. அதையும் சொன்னேன். "குறி வரைக்கும் இழுத்துப் பிடிச்சு ஒட்டு, வேற பேச்சு வேணாம்" என்றார். இழுத்து ஒட்டினோம். கையெழுத்து என்னுடையது.

பல்ஜான் நினைவில் வந்துகொண்டே இருக்கிறாள். கவிழ்ந்த ரயிலில் பன்னிரண்டாம் பெட்டி நடத்துநர். கோக்தாஸில் அந்த ரயில் நிற்காது, வேகம் குறையும்போது கதவைத் திறந்து கத்துவாள்: "டேய் முகித்! உன் தண்டவாளம் என் டீயக் கொட்டுது, ஒழுங்கா வேல பாருடா!" பழைய செய்தித்தாள் கட்டை எங்கள் தலையைக் குறிபார்த்து எறிவாள். அவள் பெட்டிதான் முதலில் சாய்ந்ததாம். இன்னொருவன் மாணவனாம். அவன் பெயரை இங்கே யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முகித்


அல்மாட்டி
மார்ச் 4

முகித்,

மாணவன் பெயரைச் செய்தித்தாளில் நுர்சுல்தான் என்று தப்பாகப் போட்டுவிட்டார்கள். அவன் பெயர் அர்க்கின். குற்றப்பத்திரிகையில் பார்த்தேன். தெமிர்தாவுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தான்.

கணக்கு முடிந்தது. வானிலை நிலையத்தின் அன்றைய காற்று, அன்றைய குளிர் இரண்டையும் வாங்கிப் போட்டேன். கம்பளியின் குணத்தை அளக்க அந்தக் கம்பளியே வேண்டும் என்று ஜானிலிடம் கேட்டிருந்தேன். ரயில் நடத்துநர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். மடிப்புக்குள் ஒரு பை நிறைய குர்த், கல்லாகக் காய்ந்த தயிர் உருண்டைகள், இருந்தது. கெர்க் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "இதுவும் ஆய்வுப் பொருளா? இதோட கடினத்தையும் அளந்துடலாமே" என்றார்.

முதலில் நீ சொன்னபடியே போட்டேன். தகடு, மேலே கம்பளி, கை பொறுக்கும் சூடு வரும்வரை. மூட்டு மெதுவாக ஆறியது. உருக்கு சாதாரணமாக இருந்தது. உடைந்த துண்டில் அளந்த கடினத்தோடு அது பொருந்தவில்லை, பக்கத்தில்கூட வரவில்லை.

காற்றைக் கூட்டினேன். குளிரைக் கூட்டினேன். கம்பளியைப் பாதித் தடிமனாக்கினேன். பொருந்தவில்லை.

பிறகு கம்பளியை எடுத்துவிட்டுப் போட்டேன். தொடக்கம் முதலே இல்லாமல் போட்டால் கடினம் அளவுக்கு மேலே போகிறது. ஓரம் மட்டுமல்ல, நடுவும் இறுகுகிறது. துண்டில் நடு நன்றாகவே இருந்தது. பொருந்திய கணக்கு ஒன்றுதான். மூடினார்கள், சூடு இன்னும் ஆபத்தான இடத்தில் இருக்கும்போதே எடுத்தார்கள், பத்து நிமிடம் போலத் திறந்து கிடந்தது, மறுபடி மூடினார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வடக்குக் காற்று பாதத்தின் ஓரத்தைத் தின்றுவிட்டது. விரிசல் தொடங்கியதும் அதே ஓரத்தில்தான்.

இது கணினியின் பேச்சு, நம்பமாட்டாய் என்று தெரியும். ஆகவே கம்பளியை மேஜையில் விரித்தேன். அடிப்பக்கத்தில் தண்டவாளத்தின் சூட்டுத் தடம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. முதல் தடம் கருகல். இரண்டாவது வெறும் பழுப்பு, நாலு விரல் தள்ளி, கொஞ்சம் கோணலாக. கொதிக்கும்போது ஒருமுறையும் ஆறிய பிறகு ஒருமுறையும் போட்டிருக்கிறார்கள்.

வேறொரு மூட்டின் தடமாக இருக்கலாமே என்று கெர்க்கிடம் சொன்னேன். "இருக்கலாம். நீ நம்புறியா?" என்று கேட்டார். கம்பளியைப் பழையபடி மடித்து வைத்தேன்.

யார் எடுத்தது? ஏன்? அறிக்கை கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. எனக்குக் காரணம் தெரிந்தால் வாக்கியத்தை எப்படி எழுதுவது என்றாவது யோசிக்கலாம்.

ரைகான்


கரகண்டா
மார்ச் 10

அக்கா,

கம்பளியை யாரும் எடுக்கவில்லை.

சின்ன வயதில் அடுப்பை மூடிவிட்டேன் என்று நான் சொன்னால், நீ பேசாமல் எழுந்துபோய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்து படுப்பாய். அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. இப்போது கைக்குப் பதில் கணினி வைத்துப் பார்க்கிறாய். பார். ஆனால் என்னிடம் எதற்குக் கேட்கிறாய்?

என் அறையில் ஒருவன் இருக்கிறான், டீசல் திருடியவன். நேற்றுக் கேட்டான்: "உங்கக்கா யாரு பக்கம்பா?" நான், "கட்டங்களின் பக்கம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நல்லது.

அரசு நிபுணர் மூன்று வரியில் சொன்னதை நீ பல்லாயிரம் கட்டம் போட்டுச் சொல்கிறாய். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் கெர்க்கிடம் கையெழுத்துப் போடச் சொல்லிவிடு.

ஜூலை வெயிலைப் பற்றி ஒரு வரிகூட உன் கடிதத்தில் இல்லை.

முகித்


அல்மாட்டி
மார்ச் 18
மக்பால் கையில்

முகித்,

இதை மக்பால் நேரில் தருவார், வேறு யாரும் படிக்கமாட்டார்கள். படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடு.

ஜூலை வெயிலைப் போட்டேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன். மூன்று கணக்கு. கெட்ட மூட்டு, ஆனால் தண்டவாளம் விதிப்படி முப்பத்திரண்டில் பூட்டப்பட்டது: ஜனவரியின் அந்த நாற்பத்தொரு டிகிரிக் குளிரில் விரிசல் இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஓடவில்லை. நல்ல மூட்டு, ஆனால் ஐம்பதில் பூட்டியது: இழுவிசை கால் பங்கு கூடுகிறது, மூட்டு தாங்குகிறது. கெட்ட மூட்டு, ஐம்பதில் பூட்டியது: உடைகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் உடைகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பல்ஜான் மறுநாள் காலை டீ ஊற்றியிருப்பாள்.

ஆனால் முதல் பாதிக்கு உடைந்த துண்டு சாட்சி. இரண்டாம் பாதிக்கு உன் வாய் மட்டும்தான் சாட்சி. வலது தண்டவாளத்தை விபத்துக்குப் பிறகு வெட்டி எடுத்து மாற்றிவிட்டார்கள். மீதி இருப்பது இடது தண்டவாளம். அதே நாள், அதே வெயிலில் பூட்டியது, இன்னும் யாரும் தொடவில்லை. அதன் கிளிப்புகளைக் கழற்றி நடுவில் வெட்டினால் எவ்வளவு விலகுகிறதோ அதிலிருந்து எந்தச் சூட்டில் பூட்டினார்கள் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். நீதிமன்றம் அனுமதித்தால். மக்பால் மனு எழுதுகிறார்.

இனி மற்றது. கம்பளியின் தடிமன் சீராக இல்லை என்று அளந்த பெண் குறித்திருந்தாள். ஐந்து இடத்தில் தேய்ந்திருக்கிறதாம். பழைய கம்பளி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். உன் கோபக் கடிதம் வந்த அன்று அதை எடுத்து, மடிப்பைப் பிரித்து, ஆய்வகத் தரையில் முழுசாக விரித்தேன். கீழே பெரிதாக இரண்டு குழி. நடுவே கொஞ்சம் அகலமாக இரண்டு. அவற்றுக்கு மேலே நடுவில் சின்னதாக ஒன்று. முழங்கால், உள்ளங்கை, நெற்றி.

அன்றைய சூரியன் கணக்கை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் வார்த்து முடித்த நேரமும் பிற்பகல் தொழுகை வேளையும் ஒன்றுதான். உன் குழுவில் தொழுகிறவர் ஒருவர்தான் என்று நீயே ஒருமுறை கேலியாகச் சொல்லியிருக்கிறாய்.

உன் மாமனார் பெயரை அறிக்கையில் எழுதப்போவதில்லை. அறிக்கைக்குப் பெயர் தேவையில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியவேண்டும்.

ரைகான்


கரகண்டா
மார்ச் 25
மக்பால் கையில்

அக்கா,

நவ்ரீஸ் புத்தாண்டு இங்கேயும் வந்தது. ஒரு கரண்டி கோஜே கொடுத்தார்கள். ஏழு பொருள் போடவேண்டிய கஞ்சியில் தண்ணீரையும் உப்பையும் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

கேள். மூட்டை மூடிய பிறகு நான் கட்டுப்பாட்டு அறையோடு பேசத் தூரத்துத் தொலைபேசிக் கம்பத்தடிக்குப் போனேன். ஜன்னலைக் கொஞ்சம் நீட்டிக் கொடு என்று கேட்க. அந்தப் பக்கம் ஒரு பெண்: "அண்ணே, பின்னாடி மூணு கூட்ஸ் நிக்குது, உங்களுக்கு ஜன்னல் வேணுமா, வீடே கட்டித் தரட்டுமா?" சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், பனியின் மேல் கம்பளி. கம்பளியின் மேல் ஓசெகே. மூட்டு வெறும் தகட்டோடு கிடக்கிறது. தகட்டையும் காற்று ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தது.

அது அவருடைய தொழுகை விரிப்புதானே அக்கா. நாங்கள்தான் இரவல் வாங்கியிருந்தோம். முழங்கால் இரண்டும் கெட்டுப்போனவர். கீழே பனி, கம்பளியோ சூடாக இருக்கிறது. மற்ற இரண்டு பேர் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் பார்த்தார்கள்.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? சொல். கத்தியிருக்கலாம். அவர் நெற்றி தரையில் இருந்தது. குனிந்திருப்பவரின் கீழிருந்து விரிப்பை உருவியிருக்கலாம். ஜானிலின் அப்பா. எனக்குப் பெண் கொடுத்தவர். நான் அவருக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. என் கோட்டைக் கழற்றிப் போடப் போனேன், நைலான், உருகி ஒட்டிக்கொள்ளும். காற்று வரும் பக்கம் போய் நின்றேன். என் உடம்பால் மறைத்தேன். முதுகு அந்தப் பக்கம் விறைத்தது, முகம் இந்தப் பக்கம் வெந்தது. அவர் வலது பக்கம் திரும்பி ஸலாம் சொன்னார், இடது பக்கம் திரும்பிச் சொன்னார், கையை முகத்தில் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னடா மாப்ள, சோளக்கொல்ல பொம்ம மாதிரி நிக்கிற?" என்றார். நான் பேசாமல் கம்பளியை எடுத்து மூட்டின்மேல் போட்டேன். கோணலாகத்தான் போட்டிருப்பேன்.

உன் கணக்கில் அந்த இடத்தில் ஒரு ஆளை நிறுத்திப் பார்த்தாயா?

ஓசெகேக்கு விபத்து வரை எதுவும் தெரியாது. ஜனவரியில் உடைந்த இடம் எது என்று கேள்விப்பட்டதும், கம்பளியை எடுத்தது நான்தானே என்று என்னிடம் வந்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவரும் இங்கே வந்து என்ன செய்யப்போகிறார்? இருமலுக்கே ஆறு மாதம் தாங்கமாட்டார். நான் குழுத் தலைவன், கையெழுத்து என்னுடையது. அது என்னோடு நிற்கட்டும்.

இடது தண்டவாளத்தை வெட்டச் சொல். அது ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் சீக்கிரம். வசந்தம் வந்தால் அவர்கள் எல்லாத் தண்டவாளத்தையும் கழற்றி, வெட்டி, தளர்த்தி, சரியான சூட்டில் மறுபடி பூட்டுவார்கள். வருஷாவருஷம் செய்யும் வேலை. அதன் பிறகு அது எதையும் சொல்லாது.

முகித்


அல்மாட்டி
ஏப்ரல் 5
மக்பால் கையில்

முகித்,

மனு பதிவாகிவிட்டது. விசாரணை ஏப்ரல் 24. போன வாரம் நீதிமன்ற எழுத்தர் மக்பாலிடம் சொன்ன தேதி. அதற்கு முன்னதாக ஒரு நாள் மக்பால் கேட்டார், காலி நாள் இல்லை என்றுவிட்டார்கள்.

கோக்தாஸ் பகுதி அலுவலகச் சுவரில் வசந்த வேலைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஜானில் அதை ஃபோனில் படமெடுத்து அனுப்பினாள். இடது தண்டவாளம் தளர்த்தி மறுபூட்டல்: ஏப்ரல் 17.

தேதியை நிறுத்திவைக்கக் கேட்டு மக்பால் இன்னொரு மனு போட்டார். "தண்டவாளப் பாதுகாப்பில் நீதிமன்றம் தலையிட முடியாது" என்று பதில் வந்தது. தவறு என்று சொல்ல முடியாத பதில். கோடையில் சரியாகப் பூட்டாத தண்டவாளம் வளைந்தால் இன்னும் பல்ஜான்கள் சாவார்கள்.

கெர்க் அறிக்கையில் கையெழுத்திட்டுவிட்டார். இரண்டு பாதியும் அதில் இருக்கிறது. மூடி ஏறக்குறைய பத்து நிமிடம் அகற்றப்பட்டிருந்தது என்ற வரியும் இருக்கிறது. அகற்றியது யார் என்று இல்லை. நீ காற்றுக்கு நின்றதைப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஆள் அகலத்துக்குக் காற்றை நிறுத்தினேன். ஓரத்தின் கடினம் கொஞ்சம் இறங்குகிறது. துண்டில் அளந்ததோடு முன்பைவிட நெருங்கிப் பொருந்துகிறது. போதுமான அளவு இறங்கவில்லை.

இன்னொரு செய்தி. உனக்குப் பிடிக்காது. ஓசெகே செவ்வாய்க்கிழமை தானாகவே புலனாய்வு அதிகாரியிடம் போயிருக்கிறார். ஜானிலும் கூடப் போனாள், அவள் சொன்னதை எழுதுகிறேன். கம்பளியை எடுத்தது நான்தான், எழுதிக்கொள் என்றிருக்கிறார். அதிகாரி பேனாவைக்கூடத் தொடவில்லை.

"அக்சகால், பெரியவரே, வீட்டுக்குப் போங்க. தொழுகையக் கேஸ்ல எழுதினா நாளைக்கு எனக்குத்தான் தலைவலி. கையெழுத்துப் போட்டவன் உள்ள இருக்கான், அது போதும்."

"அப்ப நான் யாரு? சாட்சிகூட இல்லையா?"

"நீங்க மாமனார். மருமகனக் காப்பாத்த மாமனார் ஆயிரம் சொல்வாங்க."

ஓசெகே வெளியே வந்து படிக்கட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். ஜானில் எழுப்பியபோது, "உண்மையக் கொண்டுபோனா வாங்கிக்க ஆள் இல்ல பாரு" என்றாராம்.

கம்பளியைத் திருப்பி அனுப்பட்டுமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். இப்போது வெறும் தரையில் தொழுகிறாராம்.

ரைகான்


கரகண்டா
ஏப்ரல் 11

அக்கா,

மக்பால் வரும்வரை காத்திருக்க நாள் இல்லை, இது தபாலில் வருகிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

பதினேழு அன்று வெட்டுகிற குழுவில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள். வெட்டியதும் எவ்வளவு விலகுகிறது என்று கண்ணுள்ள எவனுக்கும் தெரியும். யாராவது ஒரு படம் எடுத்தால் போதும். ஒரே ஒரு படம்.

டீசல்காரனுக்கு மூன்று வருடம் போட்டார்கள். போகும்போது அவன் ஸ்பூனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

முன்பு ஒரு கடிதத்தில் நீ கட்டங்களின் பக்கம் என்று எழுதியிருந்தேன். அதை விடு.

முகித்


அல்மாட்டி
ஏப்ரல் 19
மக்பால் கையில்

முகித்,

கோக்தாஸின் இடது தண்டவாளத்தை நேற்று முன்தினம் வெட்டிவிட்டார்கள். சொன்னவர் ஓசெகே. அவர் அங்கே இருந்தார், கிளிப் கழற்றும் வேலையில். நேற்று இரவு ரயிலில் ஏறி, இன்று காலை அல்மாட்டியில் இறங்கி, விசாரித்து விசாரித்து நேராக ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். கெர்க் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார்.

அவர் சொன்னது, சொன்ன வரிசையிலேயே:

வேலை தொடங்கும் முன் பகுதித் தலைவர் எல்லாருடைய ஃபோனையும் ஒரு வாளியில் வாங்கிக்கொண்டார். பாதுகாப்பு உத்தரவாம். அலுவலகச் சுவரில் இருந்து கொண்டுவந்த வெப்பமானியைத் தண்டவாளத்தின் மேல் வைத்தார்கள், பதினான்கு காட்டியது, எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் இருநூறு மீட்டர் கிளிப் கழற்றினார்கள். வெட்டினார்கள். விலகிக்கொண்டே போனது. "நிக்கும் நிக்கும்னு பாக்குறேன், நிக்கவே மாட்டேங்குது" என்றார். நின்றபோது குனிந்து கையை உள்ளே வைத்தாராம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் முழுசாக விரித்தால்தான் இரண்டு முனையும் தொட்டது. "யோவ் ஓசெகே, கையை எடு, துண்டா வேணுமா?" என்று தலைவர் கத்தினார். ஓசெகே கையை எடுத்தார். ஆனால் குப்புற விழுவதுபோல் ஒருமுறை குனிந்து, மேட்டில் வளர்ந்திருந்த காய்ந்த கோரைத் தண்டு ஒன்றை இடைவெளியில் வைத்து, அளவுக்கு ஒடித்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தத் தண்டை என் மேஜையில் வைத்தார். அளந்தேன். நூற்று எழுபத்தேழு மில்லிமீட்டர். விதிப்படி பூட்டியிருந்தால் எண்பத்தைந்து வந்திருக்கவேண்டும். கணக்குப் போட்டால் பூட்டிய சூடு ஐம்பத்தொன்று. நீ சொன்னது சரி. கெர்க் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார், அதே எண்தான். அதை மூட்டின் கணக்கில் வைத்து நடத்தினோம். ஜனவரியின் அந்தக் குளிரில் உடைகிறது. அதற்கு முந்தைய எந்தக் குளிரிலும் உடையவில்லை. உன் மூட்டு, ஓசெகேயின் கம்பளி, அவர்களுடைய வெயில், எல்லாம் மேஜையில் இருக்கிறது, ஒன்றோடொன்று பொருந்துகிறது. இதைவிடச் சரியாக ஒரு கணக்கு என் கையில் வந்ததில்லை.

மக்பாலிடம் ஃபோனில் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "கைதியோட மாமனார், ஒரு புல்லு, கைதியோட அக்கா. இதை நான் எந்தத் தாள்ல ஒட்டி ஜட்ஜ்கிட்ட கொடுக்கறது, ரைகான்?" குழுவில் இருந்த மற்றவர்களிடம் ஜானில் கேட்டாள். ஒருவர் பார்க்கவில்லை என்றார். ஒருவர், "எனக்கும் புள்ளைங்க இருக்கு தங்கச்சி" என்றார். பகுதி அலுவலகப் பதிவில் அன்றைய இடைவெளி எண்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று எழுதப்பட்டிருக்கிறது. மாலைக்குள் வெட்டிய இடத்தைப் பற்றவைத்துப் பூட்டிவிட்டார்கள். இந்தமுறை சரியான சூட்டில், இழுத்துப் பிடித்து, அலுவலகமே தந்த புது மூடுபெட்டி போட்டு.

ஓசெகே ரயிலுக்குக் கிளம்பும்போது கம்பளியை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடத்தையும் விரலால் தடவினார். கோணலாக இருந்ததைக் காட்டி, "இது அவன் போட்டது" என்றார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். உனக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டேன். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே, "அவன் அன்னைக்குக் கத்தியிருக்கலாம்னு சொல்லு" என்றார். பிறகு, "இல்ல, சொல்லாத" என்றார். இரண்டையும் எழுதிவிட்டேன்.

மனுவைத் திரும்பப் பெறவில்லை. தண்டவாளம் அங்கேயேதான் கிடக்கிறது, இனி வெட்டினால் விதிப்படியான எண்ணைத்தான் காட்டும். 24ஆம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு, அதை வெட்டி அளக்க அனுமதி கேட்டு மக்பால் எழுந்து நிற்பார். கோரைத் தண்டு ஒரு கண்ணாடிக் குழாயில் இருக்கிறது, நான் கொண்டுவருவேன். தீர்ப்பு 29ஆம் தேதி, திங்கட்கிழமை.

ரைகான்